உன் அம்மாவிடம் இருந்த நகல்

வீட்டு விற்பனை உடன்படிக்கையை லேமினேட் செய்வது என்ற முடிவை நான் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு. அப்போது ஹாலில் என்னைத் தவிர உன் அம்மா மட்டும் இருந்தாள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி இரண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று வழக்கம்போல் வட்டமடித்துவிட்டுப் போனது. நான் எழுந்து நின்று, இந்தப் பத்திரத்தை இப்படியே வைத்திருந்தால் ஒருநாள் செல்லரித்துவிடும் என்றும், உடனடியாக லேமினேட் செய்தாக வேண்டும் என்றும் தெரிவித்தேன். ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்குப் போதிய அவகாசமும் கொடுத்தேன். உன் அம்மா தலையை நிமிர்த்தாமல், "எழுத்து இருக்கிற பக்கம் பார்த்துப் பண்ணுங்க" என்றாள். அதை ஆதரவு ஓட்டாக எடுத்துக்கொண்டேன். மூன்று தாள்களுக்கு மூன்று உறை போடுவதா, இரண்டு உறையில் முடிப்பதா என்ற ஒரே கேள்விதான் மிச்சம் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புவரை நடந்துபோகும் வழியில் அதையும் தீர்மானித்தேன். இரண்டு.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுகிறாய். மண்டபம், சமையல்காரர், உன் பெரியப்பாவை யார் நேரில் போய் அழைப்பது என்று எல்லாம் பேசி முடித்து, வைப்பதற்குச் சற்று முன்னால், "வீட்டுக் கேஸ் என்னப்பா ஆச்சு?" என்று கேட்பாய். நான் "போயிட்டிருக்கு" என்பேன். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு உன்னை, உன் அம்மாவை, எதிர் வீட்டுக்காரரை, தெருமுனை டெய்லரை எல்லாம் ஏறக்குறைய எட்டு வருஷம் சமாளித்தேன். இப்போது அது போய்க்கொண்டிருக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது. அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நீ கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஊரறிய எழுதுகிறேனே என்று வருத்தப்படாதே. தீர்ப்பு கோர்ட்டின் இணையதளத்தில் ஏறிவிட்டது. என் பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் செய்த காரியமும் இருக்கிறது. அரசாங்கமே வெளியிட்டுவிட்ட ஒன்றை நான் ரகசியமாக வைத்திருப்பது சட்டத்துக்கு அவமரியாதை.

இந்த வீட்டுக்கு நாம் வாடகைக்கு வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. போர் தண்ணீர் உப்புக் கரிக்காத தெரு என்ற ஒரே காரணத்துக்காக உன் அம்மா இதைத் தேர்ந்தெடுத்தாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் பொழிச்சலூரில் நாலு வருஷம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் கோதண்டம் சார் நல்ல மனிதர் என்று அப்போதே முடிவு செய்திருந்தோம். வாடகையை உயர்த்தும்போதுகூட உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, வருத்தத்தோடுதான் உயர்த்துவார். நீ கல்லூரி முடித்த வருஷம், "நீங்களே வாங்கிக்குங்க சார், வெளி ஆளுக்குக் கொடுக்க மனசு வரலை" என்றார். விலை பேசினோம், முன்பணம் கொடுத்தோம், உடன்படிக்கை எழுதினோம். நான்கு மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்றாவது மாதம் கோதண்டம் சார் வந்தார். வீட்டில் அவருடைய தங்கைக்கும் பங்கு உண்டு. அந்த அம்மாள் மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போயிருந்தார். வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் நடக்கும். "இன்னும் ஆறு மாசம் டைம் வேணும் சார்" என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உடன்படிக்கையின் மூன்றாம் தாளைத் திருப்பி, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார்: என் தரப்புத் தாமதத்தால் கெடுவை இன்ன தேதிவரை நீட்டித்துத் தருகிறேன். பன்னிரண்டு வரி. கீழே கையெழுத்து. நம் வங்கிக் கடன் அனுமதியானது ஆறாவது மாதம். அதாவது, அந்தப் பன்னிரண்டு வரி இருந்தால் நாம் சரியான நேரத்தில் வந்தவர்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் பிந்தியவர்கள். இதைத் தவிர இந்த வழக்கில் புரிந்துகொள்ள வேறு எதுவும் இல்லை.

அந்தப் பன்னிரண்டு வரி எழுதப்பட்ட பத்தாம் நாள்தான் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை. லேமினேஷனில் எனக்கு இருந்த நம்பிக்கை உனக்குத் தெரியும். ரேஷன் கார்டு, உன் தடுப்பூசி அட்டை, இன்ஷூரன்ஸ் ரசீதுகள், நம் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்குள் அனுப்பியவன் நான். உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்ததால், கல்லூரியில் பின்பக்கம் சீல் குத்த முடியாமல், அந்த ஆபீஸ் அம்மாள் மை காயட்டும் என்று பத்து நிமிஷம் ஊதிக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்கிறாய். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, அந்தக் கல்லூரியின் சீல் மட்டமானது என்பதுதான்.

சந்திப்பில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விஷயத்தை விளக்கினேன். முதல் தாள் தனி உறை. இரண்டாவதும் மூன்றாவதும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உறை. பின்பக்கம் எழுதியது உள்ளே போய்விடும். வெளிச்சம் படாது, விரல் படாது, மை மங்காது. பெட்டகத்துக்குள் பெட்டகம். உள்ளே தாள்கள் நழுவாமல் இருக்க, அவரிடமே கோந்து வாங்கி நடுவில் தாராளமாகத் தடவினேன்.

"இன்னா சார், எழுத்து கீற பக்கத்துல போயி கோந்து வெக்கிற?" என்றார் அவர். "மெஷின்ல சூடு ஏறும் சார். அப்பறம் பிரிக்கணும்னா பேஜாராயிடும்."

"பிரிக்க வேண்டிய அவசியம் வராது" என்றேன். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு பார்த்தவன் நான்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அனுபவத்தைச் சொன்னதும் மனிதர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். அதை நான் வெகு காலம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அவர் எழுதிக் கொடுத்தது எங்கே?" என்றாள். "உள்ளே பத்திரமா இருக்கு" என்றேன். "உள்ளேன்னா?" என்றாள். "உள்ளே" என்றேன். அவள் குக்கரைப் பார்க்கப் போனாள்.

தங்கை வந்து கையெழுத்துப் போட்டார். வங்கிக் கடனும் வந்தது. அதற்குள் வேளச்சேரி சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்ப ஆரம்பித்திருந்தன. ஒரு கட்டுமானக்காரர் கோதண்டம் சார் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு கோதண்டம் சார் நம் வீட்டில் காபி குடிக்க வரவில்லை. நான்கு மாதக் கெடு முடிந்துவிட்டது, உடன்படிக்கை செல்லாது என்று வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. நானும் வக்கீலைத் தேடிப் போனேன். மேற்குத் தாம்பரத்தில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில், வக்கீல் சேகர். ஒப்பந்தப்படி வீட்டைக் கிரயம் செய்துகொடுக்க உத்தரவிடுங்கள் என்று சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றார். நீட்டிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. உறையைப் பார்த்ததும் கூம்பியது. "பிரிச்சுக் கொண்டாங்க சார், பார்ப்போம்" என்றார்.

வீட்டில் உன் அம்மா இல்லாத ஒரு முற்பகல், அவளுடைய பள்ளிக்கூட ஆபீஸ் நேரத்தில், கத்தரிக்கோல், பிளேடு, வெந்நீர் ஆவி ஆகியவற்றோடு நான் உட்கார்ந்தேன். உறை சுலபமாகப் பிரிந்தது. தாள்கள் பிரியவில்லை. பிரிந்தபோது தாளாகப் பிரியாமல் தோல் தோலாக வந்தன. பன்னிரண்டு வரிகளில் எட்டு வரி இரண்டாம் தாளின் முதுகில் தலைகீழாக ஒட்டிக்கொண்டன. மிச்சம் கோந்தோடு போயின. கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் படலம் இருந்தது. குப்பையைக் கூட்டி, தாள்களை வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய காகிதக் கட்டுக்குள் வைத்துவிட்டு, உன் அம்மா வருவதற்குள் மேஜையைத் துடைத்துவிட்டேன்.

நீ எட்டாவது படிக்கும்போது சேலையூரில் சைக்கிளோடு விழுந்து, உடைந்த பிரேக்கை ஷூ டப்பாவில் ஒளித்து வைத்தாய். அதைக் கண்டுபிடித்த நான், தப்பு செய்வது பெரிதல்ல, மறைப்பதுதான் பெரிது என்ற பொருளில் உன்னிடம் நாற்பது நிமிஷம் பேசினேன். நடுவில் நீ தண்ணீர் கேட்டாய். முடித்துவிட்டுக் குடிக்கச் சொன்னேன். அந்தப் பேச்சின் எல்லாக் கருத்துகளோடும் இன்றும் எனக்கு உடன்பாடு உண்டு. அது உனக்காக மட்டும் தயாரிக்கப்பட்டது என்று நான் நினைத்ததில்தான் பிழை. அந்தத் தண்ணீருக்காக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தாள்களைப் பார்த்துவிட்டு வக்கீல் சேகர் கேட்ட முதல் கேள்வி: "சார், இதுக்கு ஜெராக்ஸ் ஏதாவது இருக்கா? வீட்டுல யாராவது எடுத்து வெச்சிருப்பாங்களா?" நான் "இல்லை" என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு இரண்டு விநாடி ஆனது. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். தெரிந்துகொள்ள வேண்டுமானால் உன் அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்று அவள் கேட்பாள். அப்புறம் கோந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைவிட மலிவாக "இல்லை" கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

வழக்குத் தாக்கல் செய்த அன்று உன் அம்மா வாசலில் நின்று, "உள்ளே இருந்ததை எடுத்தாச்சா?" என்று கேட்டாள். "எடுத்தாச்சு" என்றேன். கண்டிப்பாகப் பார்த்தால் அது பொய் இல்லை. எடுக்கத்தான் செய்தேன்.

ஆறு வருஷம் நடந்தது. கோதண்டம் சார் கூண்டில் ஏறி, அந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை என்றார். என்னைக் கூண்டில் ஏற்றி, பத்திரத்தை நீங்கள்தான் வேண்டுமென்றே சேதப்படுத்தினீர்கள் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வேண்டுமென்றே இல்லை, பத்திரப்படுத்துவதற்காக என்றேன். கோர்ட்டில் இருந்தவர்களில் சிலர் இருமினார்கள். வழக்கு தள்ளுபடியானது. முன்பணத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்று தீர்ப்பு. வீட்டில், "ஏதோ டெக்னிக்கல் பாயிண்ட்" என்று சொல்லிவிட்டு, தீர்ப்பு நகலை ஃப்ரிட்ஜ் மேல் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் வைத்தேன். அது ஆங்கிலத்தில் முப்பத்தெட்டுப் பக்கம். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

உன் அம்மா அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் சுற்றறிக்கைகளையும் டி.சி.களையும் படித்தவளுக்கு முப்பத்தெட்டுப் பக்கம் இரண்டு மத்தியானம்தான் ஆனது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பதினேழாவது பாரா படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"மூணாவது தாளோட பின்பக்கம் படிக்க முடியாத நிலைமைல இருக்கு, அது ஏன் அப்படி ஆச்சுன்னு வாதி திருப்தியா விளக்கலைன்னு போட்டிருக்காங்க. வாதி யாரு?"

"நான்தான்."

"ஏன் படிக்க முடியலை?"

"கோந்து" என்றேன்.

அவள் உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். உள்ளே நான்கு ஜெராக்ஸ் தாள்கள். நான்காவதில் பன்னிரண்டு வரி. கோதண்டம் சாரின் கையெழுத்து, அந்தக் கடைசி எழுத்தின் வால் முதற்கொண்டு.

"இது எப்ப எடுத்தே?"

"அவர் எழுதிக் கொடுத்த மறுநாள். ஸ்கூல் மெஷின்ல. எந்தப் பேப்பரா இருந்தாலும் நான் ஒரு காப்பி எடுப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நம்ம பையனோட டிகிரி சர்டிபிகேட் காப்பி யாரு கொடுத்தா, போன தடவை பாஸ்போர்ட்டுக்கு?"

"நீதான். ஏன் இதைச் சொல்லலை?"

"எடுத்தாச்சான்னு கேட்டேன், எடுத்தாச்சுன்னீங்க. கேஸ் எப்படிப் போகுதுன்னு கேட்டேன், போயிட்டிருக்குன்னீங்க. ஒரிஜினல் கையில இருக்கிறவருக்கு எதுக்குக் காப்பி? கிழிஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல கொண்டாந்து கொடுத்திருப்பேன்."

பிறகு அவள் கேட்ட ஒரு கேள்விதான் இந்த எட்டு வருஷத்தில் என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது. கோபமாகக் கேட்கவில்லை; ஆபீஸில் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டாள். "நான் திட்டுவேன்னா பயந்தீங்க? நான் உங்களை எப்பங்க திட்டியிருக்கேன்?" யோசித்துப் பார்த்தேன். திட்டியதில்லை. எழுத்து இருக்கிற பக்கம் பார்த்துப் பண்ணுங்க என்று அன்றைக்கு அவள் சொன்னது சரியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்பதுதான் என் பயம். அதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. இப்போது உன் மூலமாகச் சொல்கிறேன்.

மேல்முறையீட்டுக்காக வக்கீல் சேகரிடம் போனோம். இந்தத் தடவை இரண்டு பேரும். நகலைப் பார்த்ததும் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். மேல்முறையீட்டில் புதிதாக ஒரு சான்றைக் கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை என்று விளக்கினார். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை நாற்பத்தொன்று, விதி இருபத்தேழு. கீழ்க் கோர்ட்டில் கொடுத்து அவர்கள் தவறாக மறுத்திருக்க வேண்டும். அல்லது தக்க கவனத்தோடு முயன்றும் அப்போது கிடைக்காமல் இருந்திருக்க வேண்டும். அல்லது இதைப் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியவில்லை என்று மேல் கோர்ட்டே கேட்க வேண்டும். விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ளும் இடமல்ல மேல்முறையீடு. "நமக்கு ரெண்டாவதுதான் சார் வழி. தேடினோம், கிடைக்கலை, இப்பத்தான் கிடைச்சுது. பரணைச் சுத்தம் பண்ணும்போது."

"எங்க வீட்டுல பரண் கிடையாதே" என்றாள் உன் அம்மா.

"எல்லா மனுவுலயும் பரண்தாம்மா போடறது. யாரும் வந்து பார்க்கப் போறதில்லை."

எனக்கு அது புதிய தகவல். கோர்ட் ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், நாட்டிலேயே மிகச் சுத்தமான பரண்கள் நம் மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

"சரி, பரண் வேண்டாம். பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சுன்னு போடலாமா?"

"பெட்டியில இருந்துச்சு சார்" என்றாள். "பையன் மார்க் ஷீட்டோட இருந்துச்சு. இருக்குன்னு எனக்குத் தெரியும். அவர் கேக்கலை. அதை அப்படியே எழுதுங்க."

"அப்படி எழுதினா மனு நிக்காதும்மா. மனு நிக்கலைன்னா வீடு போயிடும்."

"தெரியுது சார். நாளைக்கு ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டு, அம்மா, நீங்க பரண்ல ஏறினீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

வக்கீல் என்னைப் பார்த்தார். மனுதாரர் நான்தான், கையெழுத்து என்னுடையது. இந்த இடத்தில் நான் நேர்மையின் பக்கம் நின்றதாக நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். பரணில் எனக்கு ஆட்சேபமே இருக்கவில்லை. ஒரு நிமிஷம் அது எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் எதுவும் தேவைப்படவில்லை. பொய் சொல்ல உன் அம்மாவின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை. "அவங்க சொல்றபடி எழுதுங்க" என்றேன். நாற்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் சொல்வது அதுதான் முதல் தடவை என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன்.

செங்கல்பட்டில் மாவட்ட நீதிமன்றம். தாம்பரத்தில் ரயில் ஏறினோம். உன் அம்மா தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் கோதண்டம் சார் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். உன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, "எப்படிம்மா இருக்கீங்க? பையனுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன்" என்றார். "ஆமாங்க சார்" என்று சொல்லி, அவள் பையிலிருந்து நகலை எடுத்து அவரிடமே கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வரியையும் படித்தார். "என் எழுத்துதான்" என்றார் மெல்ல. "நல்லாத்தான் எழுதியிருக்கேன்." மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வக்கீல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தாழ்வாரத்தில் சொல்லப்படுவது எதுவும் சாட்சியம் ஆகாது என்று வக்கீல் சேகர் என் காதில் சொன்னார்.

எங்கள் மனுவை எடுத்ததும் நீதிபதி இரண்டு தடவை படித்தார். பிறகு மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"இந்த நகல் எங்கே இருந்தது?"

"வீட்டில், ஐயா."

"யாரிடம்?"

"என் மனைவியிடம்."

"கீழ்க் கோர்ட்டில் வழக்கு எத்தனை வருஷம் நடந்தது?"

"ஆறு."

"ஆறு வருஷமும் அவர் உங்களோடுதான் இருந்தாரா?"

"ஒரே வீட்டில்தான், ஐயா."

"அவரிடம் நகல் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்களா?"

"இல்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?" என்றார்.

விதி இருபத்தேழில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டுவிட்டார். "கேட்டால் கோந்து தடவியதைச் சொல்ல வேண்டியிருக்கும், ஐயா" என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தார். "அது வேண்டாம்" என்றார் நீதிபதி. ஆனால் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த நகல் உண்மையானதா, இல்லையா என்ற கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை. ஒரே கூரையின் கீழ், வழக்கு நெடுகிலும், மனுதாரரின் மனைவியிடமே இருந்த ஆவணத்தை, அவரிடம் ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்துவிட்டு, தக்க கவனத்தோடு முயன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கூடுதல் சான்று கோரும் மனு தள்ளுபடி. அதனால் மேல்முறையீடும் தள்ளுபடி. வக்கீல் சேகர், உயர் நீதிமன்றம் போகலாம் என்றார். உன் அம்மா தீர்ப்பை முழுதும் படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்றாள். நானும் படித்தேன். அதில் ஒரு வரியைக்கூட என்னால் ஆட்சேபிக்க முடியவில்லை. இவ்வளவு துல்லியமாக என்னை யாரும் எழுதியதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பது தீர்ப்பைப் படிப்பவர்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொறுமையாக இரு, விட்டுக்கொடு, வெள்ளிக்கிழமை பூ வாங்கிக்கொண்டு போ என்றெல்லாம் மண்டபத்தில் ஐம்பது பேர் சொல்வார்கள், எல்லாம் சரிதான். நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது. உன் மனைவி எதையாவது கேட்டால், கண்டிப்பாகப் பார்த்தால் பொய் இல்லை என்ற வகையைச் சேர்ந்த பதிலைச் சொல்லாதே. அந்த வகையில் நான் தேர்ச்சி பெற்றவன். அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும், செங்கல்பட்டுவரை போகும். உன்னுடைய அசட்டுத்தனம் ஒன்று வெளியே வரும் நாளில், முதலில் அவளிடம் சொல். அவள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அவளிடம் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில், பூட்டுக்கூடப் போடாத பெட்டியில் இருந்தது.

உன் அம்மாவைப் பற்றி நீ கவலைப்படுவாய் என்று தெரியும். அவள் நன்றாக இருக்கிறாள். தீர்ப்பு வந்த அன்று மாலை அடுப்படியில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடிவிட்டு வந்து, உன் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய தாம்பூலப் பைகளை எண்ண ஆரம்பித்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன வேணும்?" என்றாள். ஒன்றும் வேண்டாம், நானும் எண்ணுகிறேன் என்றேன். எனக்கு ஐம்பது பை ஒதுக்கினாள். எண்ணி முடித்ததும் அவள் திரும்ப ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

கோதண்டம் சாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்: கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுப்பதாக. பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இரண்டு அறை, முதல் மாடி, லாரித் தண்ணீர். வாடகை ஒப்பந்தம் உன் அம்மா பெயரில் எழுதியிருக்கிறது.